பத்தாண்டில் பத்து மடங்கு: டேகன்ஹாமின் பிறப்பு, இறப்பு, குடிவரவு

1921 ஜூன் 19ஆம் தேதி இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, லண்டனுக்குக் கிழக்கே எசெக்ஸ் பகுதியில் இருந்த டேகன்ஹாம் என்ற ஊரில் 9,127 பேர் இருந்தார்கள். காய்கறித் தோட்டங்கள், பண்ணைகள், தேம்ஸ் ஆற்றோரச் சதுப்பு நிலம், ஒரு பழைய தேவாலயம் என்று இருந்த ஊர் அது. அடுத்த கணக்கெடுப்பு 1931 ஏப்ரல் 26ஆம் தேதி நடந்தது. அன்று அதே ஊரில் 89,362 பேர். இதே பத்தாண்டில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் சேர்த்து மக்கள்தொகை நூற்றுக்கு ஐந்தரை அளவில்தான் கூடியது. டேகன்ஹாமில் கூடியது நூற்றுக்கு 879.

இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே இங்கிலாந்தின் புறநகர்கள் எப்படி வளர்ந்தன என்று படிக்கிறவர்கள் இந்த ஊரை எடுத்துக்கொள்வதற்கு இந்த எண்களே காரணம். ஆனால் வளர்ச்சியின் அளவைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு. இந்த ஊரின் பிறப்பு விகிதத்தையும் இறப்பு விகிதத்தையும் தனியாக எடுத்துப் படித்தால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். இங்கே குடிவந்தவர்கள் விட்டுவந்த ஊர்களின் கணக்கோடு சேர்த்து வைத்தால்தான் அந்த எண்களுக்கு அர்த்தம் கிடைக்கும்.

எங்கிருந்து வந்தார்கள்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, படையிலிருந்து திரும்புகிறவர்களுக்கு நல்ல வீடு தருவோம் என்ற வாக்குறுதியோடு 1919இல் வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அப்போது லண்டன் நகரை நிர்வகித்துவந்த லண்டன் கவுன்ட்டி கவுன்சில், தன் எல்லைக்கு வெளியே நிலம் எடுத்து ஒரு மாபெரும் குடியிருப்பைக் கட்ட முடிவு செய்தது. அதுதான் பெகன்ட்ரீ. ஏறக்குறைய 3,000 ஏக்கர். கட்டுமானப் பொருட்களைக் கொண்டுவர ஒப்பந்தக்காரர்கள் தேம்ஸில் தனியாக ஒரு படகுத் துறையும், அங்கிருந்து உள்ளே வர ஒரு ரயில் பாதையும் போட்டுக்கொண்டார்கள். 1921இல் முதல் வீடுகள் எழுந்தன. 1930களின் நடுவில் பெரும்பகுதி முடிந்தபோது ஏறக்குறைய 26,000 வீடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். அன்று உலகத்திலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு என்று இதைச் சொல்வார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் லண்டனின் கிழக்குப் பகுதித் தொழிலாளர் குடும்பங்கள். ஸ்டெப்னி, பாப்லர், பெத்னல் கிரீன் மாதிரியான இடங்களில் ஓர் அறையிலோ இரண்டு அறையிலோ நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். புது வீட்டில் அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர், தனிக் கழிப்பறை, முன்னும் பின்னும் கொஞ்சம் தோட்டம் கிடைத்தன. விட்டுவந்த இடங்களின் கணக்கிலும் இந்த வெளியேற்றம் தெரிகிறது. 1921க்கும் 1931க்கும் நடுவே ஸ்டெப்னியின் மக்கள்தொகை ஏறக்குறைய இரண்டரை லட்சத்திலிருந்து இரண்டே கால் லட்சமாக இறங்கியது. பெத்னல் கிரீன் 1,17,000 அளவிலிருந்து 1,08,000 அளவுக்கு வந்தது. லண்டன் கவுன்ட்டி முழுவதுமே 44.8 லட்சத்திலிருந்து 44 லட்சத்துக்குக் கீழே போனது. அதைச் சுற்றியிருந்த வெளிவட்டமோ 30 லட்சத்திலிருந்து 38 லட்சமாகப் பெருத்தது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெகன்ட்ரீ என்பது குடியிருப்பின் பெயர் மட்டும்தான். நிர்வாகக் கணக்கில் அப்படியோர் ஊரே கிடையாது. அது டேகன்ஹாம், பார்க்கிங், இல்ஃபோர்ட் என்ற மூன்று ஊர்களின் எல்லைக்குள் பரவிக் கிடந்தது. பிறப்பும் இறப்பும் அந்தந்த ஊரின் பெயரில்தான் அச்சாகும். ஆகவே பெகன்ட்ரீயின் பிறப்பு விகிதம் என்ன என்று கேட்டால், நாட்டின் பதிவாளர் வெளியிட்ட ஆண்டு அட்டவணையில் அதற்கு நேரடியான விடை இல்லை. அப்புறம் இன்னொன்று. 1926 வரை டேகன்ஹாமே தனி நகர மாவட்டமாக இருக்கவில்லை. ரோம்ஃபோர்ட் கிராமப்புற மாவட்டத்துக்குள் ஒரு பகுதியாகத்தான் இருந்தது. லண்டன் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கிய முதல் ஐந்தாண்டுகளின் பெருக்கம் ஏட்டில் கிராமத்தின் பெருக்கமாகப் பதிவாகியிருக்கிறது. கிராமப்புறமும் வளர்ந்தது என்று 1920களின் அட்டவணையைக் காட்டி யாராவது சொன்னால், அந்தக் கிராமத்தின் பெயரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கூட்டல் கழித்தல்

ஓர் ஊரின் மக்கள்தொகை மாற்றத்துக்கு மூன்றே வழிகள்தான். பிறப்பு கூட்டும், இறப்பு குறைக்கும், இடம்பெயர்வு கூட்டவோ குறைக்கவோ செய்யும். டேகன்ஹாமில் பத்தாண்டில் கூடியது 80,235 பேர். இதில் பிறப்பு இறப்பின் பங்கு எவ்வளவு இருக்க முடியும் என்று தாராளமாகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பத்தாண்டின் சராசரி மக்கள்தொகை 50,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 28 பிறப்பு, 8 இறப்பு என்று வைப்போம். அன்றைய இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் 1920இல் ஆயிரத்துக்கு 25.5 இருந்து, 1931இல் 15.8க்கு இறங்கிவிட்டது. ஆகவே 28 என்பது மிகையான அனுமானம்தான். இருக்கட்டும். அப்படியே வைத்தாலும் ஆண்டுக்கு 1,000 பேர், பத்தாண்டில் 10,000 பேர்தான் இயற்கைப் பெருக்கம். மிச்சம் 70,000 பேர் வண்டியேறி வந்தவர்கள். எட்டில் ஏழு பங்கு குடிவரவு. உண்மையான பங்கு இதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெருவெல்லாம் குழந்தைகளாக இருக்கும் ஓர் ஊரைப் பார்க்கிறவர்கள், இங்கே நிறையப் பிறக்கிறது என்று முடிவுகட்டிவிடுவார்கள். பெகன்ட்ரீ தெருக்களில் ஓடியாடிய பிள்ளைகளில் பெரும்பகுதி அங்கே பிறந்தவர்களே இல்லை. கவுன்சில் வீடு ஒதுக்கியது ஏற்கெனவே பிள்ளைகள் உள்ள, வாடகை கட்டுமளவு நிலையான சம்பளம் உள்ள குடும்பங்களுக்கு. பிரசவம் பாப்லரில் நடந்தது, பள்ளிக்கூடம் டேகன்ஹாமில் தேவைப்பட்டது.

பள்ளிக்கூட விஷயத்தில் இது எவ்வளவு பெரிய பாதிப்பை உண்டாக்கியது என்று பாருங்கள். ஒரு சாதாரண ஊரில் இத்தனை பிறப்பு பதிவானால் ஐந்தாண்டு கழித்து இத்தனை இடம் வேண்டும் என்று எளிதாகக் கணக்கிடலாம். 1921இல் டேகன்ஹாமில் பதிவான பிறப்புகளை வைத்து 1926க்குத் திட்டமிட்டால் ஒரு கிராமப் பள்ளிக்கூடம்தான் வரும். வந்ததோ பெரும்படை. அதற்குமேல், வீட்டைக் கட்டிய லண்டன் கவுன்சிலுக்குத் தன் எல்லைக்கு வெளியே பள்ளிக்கூடம் நடத்தும் அதிகாரமில்லை. பள்ளிக்கூடம் கட்டவேண்டியது எசெக்ஸ் கவுன்ட்டி கவுன்சில். யாரோ கொண்டுவந்து இறக்கிய குடும்பங்களுக்கு இவர்கள் வரிப்பணத்தில் வகுப்பறை கட்ட வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பள்ளிக்கூடத்தில் இடமில்லாமல் ஏராளமான பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். இரண்டு நிர்வாகங்களுமே வீட்டை ஒரு கணக்காகவும் பிள்ளைகளை வேறொரு கணக்காகவும் வைத்திருந்ததுதான் இதற்குக் காரணம். இதை நான் மன்னிக்கக்கூடிய தவறாக நினைக்கவில்லை. எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்று ஒதுக்கும்போதே அந்தக் குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்பது கவுன்சிலின் கோப்பில் இருந்தது. அந்தத் தாளை எசெக்ஸுக்கு அனுப்பியிருந்தாலே போதும்.

குறைந்த இறப்பு விகிதம் எதைக் காட்டுகிறது

இப்படிப்பட்ட புதுக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அன்று அடிக்கடி எடுத்துக் காட்டப்பட்டது இறப்பு விகிதம். லண்டனின் பழைய குடிசைப் பகுதிகளைவிட இங்கே ஆயிரம் பேருக்கு இறப்பு வெகு குறைவு. ஆகவே நல்ல காற்றும் நல்ல வீடும் உயிரைக் காக்கின்றன என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையும் கொஞ்சம் உண்டு. ஆனால் அந்தக் குறைவின் பெரும்பகுதிக்குக் காரணம் குடிவந்தவர்களின் வயதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை, எந்த ஊருடைய பதிவும் அல்ல. ஆளுக்கு 10,000 பேர் உள்ள இரண்டு ஊர்கள். இரண்டிலும் உடல்நலம் துல்லியமாக ஒன்றுதான்: 15 வயதுக்குக் கீழே ஆண்டுக்கு ஆயிரத்தில் 7 பேர், 15 முதல் 44 வரை 4 பேர், 45 முதல் 64 வரை 14 பேர், 65க்கு மேல் 75 பேர் இறக்கிறார்கள். புது ஊரில் பிள்ளைகள் 4,000, இளையவர்கள் 4,500, நடுவயதினர் 1,100, முதியவர்கள் 400. பழைய ஊரில் அதே வரிசையில் 2,000, 4,500, 2,500, 1,000. பெருக்கிக் கூட்டினால் புது ஊரில் ஓராண்டில் ஏறக்குறைய 91 இறப்பு, பழைய ஊரில் 142. ஆயிரத்துக்கு 9.1, அங்கே 14.2. எந்த வயதிலும் யாரும் கூடுதலாக உயிர் பிழைக்கவில்லை. இருந்தும் புது ஊர் பழைய ஊரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆரோக்கியமானது போலத் தெரிகிறது.

அன்றைய புள்ளிவிவரக்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஊர்களின் வயது அமைப்பு வேறுபாட்டைச் சரிசெய்வதற்கான பெருக்கெண்ணைப் பதிவாளர் அலுவலகம் 1934 முதல் ஒவ்வோர் ஊருக்கும் தரத் தொடங்கியது. புதுப் புறநகரின் எண் அதனால் பெருக்கப்பட்டபோது மேலே ஏறும், கடலோரத்து ஓய்வூதியக்காரர் ஊரின் எண் கீழே இறங்கும். ஆனால் மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் புழங்கியது பெரும்பாலும் திருத்தாத எண்தான்.

வயதைச் சரிசெய்தாலும் மிச்சம் ஒன்று இருக்கிறது. பெகன்ட்ரீக்கு வந்தவர்கள் லண்டன் கிழக்குப் பகுதியின் சராசரி மனிதர்கள் இல்லை. வாடகையும் போக்குவரத்துச் செலவும் கட்டக்கூடியவர்கள், வேலையில் இருப்பவர்கள், ஆகவே ஓரளவு உடம்பு நன்றாக இருப்பவர்கள். தீராத இருமலோடு வேலை இழந்தவன் ஸ்டெப்னியிலேயே தங்கிவிட்டான். வந்தவர்களிலும் பலர் கொஞ்ச காலத்தில் வீட்டைக் காலிசெய்துகொண்டு திரும்பிப் போனார்கள். பெகன்ட்ரீயின் தொடக்க காலத்தில் குடியிருப்போர் மாறிக்கொண்டே இருந்தார்கள். வாடகை கட்ட முடியவில்லை, வேலை செய்யும் இடம் தொலைவு, அம்மாவும் அக்காவும் பக்கத்தில் இல்லை என்று காரணங்கள். குடும்பத்தில் நீண்ட நோயோ சம்பாதிப்பவரின் வேலையிழப்போ வந்தால் திரும்பிப் போவது இன்னும் இயல்பு. அப்படிப் போனவர் அங்கே இறந்தால் அந்த இறப்பு டேகன்ஹாமின் ஏட்டில் வராது.

பாட்டி தாத்தாக்களையும் மறக்கக்கூடாது. மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் புது வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வயதான தாய் பழைய தெருவிலேயே இருந்தார். பேரன் பிறந்தது டேகன்ஹாம் பதிவேட்டில் ஏறியது. பாட்டி காலமானது பாப்லர் பதிவேட்டில் ஏறியது. ஒரே குடும்பத்தின் கூட்டல் ஓர் ஊருக்கும் கழித்தல் இன்னோர் ஊருக்கும் போயிற்று. டேகன்ஹாமின் இயற்கைப் பெருக்கம் அவ்வளவு நன்றாக இருந்ததற்கும் கிழக்கு லண்டனின் எண் அவ்வளவு மோசமாகத் தெரிந்ததற்கும் இந்தப் பிரிவினையில் பெரிய பங்கு உண்டு. இரண்டையும் சேர்த்துக் கூட்டினால்தான் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரியும்.

மருத்துவமனையில் நடக்கும் பிறப்பு இறப்பை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. குடியிருப்புக்குள் பெரிய பொது மருத்துவமனை எதுவும் கட்டப்படவில்லை. கடுமையான நோய் என்றால் ரோம்ஃபோர்டில் இருந்த ஓல்ட்சர்ச் மருத்துவமனைக்கோ, 1931க்குப் பிறகு இல்ஃபோர்டின் கிங் ஜார்ஜ் மருத்துவமனைக்கோ, இல்லாவிட்டால் லண்டனுக்கோ போக வேண்டும். நல்ல வேளையாக, அங்கே நேர்ந்த இறப்பை வழக்கமாக வாழ்ந்த ஊருக்கு மாற்றி எழுதும் முறை முதல் உலகப் போருக்கு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. அந்த மாற்றம் இல்லாவிட்டால் புறநகரில் மனிதர்கள் சாவதே இல்லை என்று ஏடு சொல்லியிருக்கும்.

வகுக்கும் எண்ணே தடுமாறும்போது

விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே உள்ள பிறப்பும் இறப்பும் பதிவாளர் ஒவ்வொன்றாக எழுதியவை. கீழே உள்ள மக்கள்தொகை பத்தாண்டுக்கு ஒருமுறைதான் எண்ணப்பட்டது. நடுவில் உள்ள ஆண்டுகளுக்குப் பிறப்பு, இறப்பு, வாக்காளர் பட்டியல் இவற்றை வைத்து ஆண்டின் நடுநாளுக்கு ஒரு மதிப்பீடு போடுவார்கள். மெதுவாக நகரும் ஊருக்கு இது போதும். ஒரே ஆண்டில் ஆயிரக்கணக்கான புது வீடுகள் நிரம்பும் ஊருக்குப் போதாது. ஓராண்டில் 600 குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 30,000 என்று மதிப்பிட்டால் பிறப்பு விகிதம் 20. உண்மையில் அன்று 36,000 பேர் இருந்திருந்தால் 16.7தான். நாட்டின் பிறப்பு விகிதமே சரிந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஊரின் விகிதம் இவ்வளவு கூடியது, இவ்வளவு குறைந்தது என்று ஆண்டுக்கு ஆண்டு பேசுவதற்கு இந்த இடைவெளி இடம் கொடுக்காது. 1931 கணக்கெடுப்புக்குப் பிறகு வந்த ஒரு சில ஆண்டுகளின் விகிதங்களைத்தான் நான் கொஞ்சம் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்வேன்.

1931இன் கணக்கெடுப்புத் தாள்களே பின்னர் 1942 டிசம்பரில் ஒரு தீ விபத்தில் எரிந்துபோயின. அச்சான அட்டவணைகள் மட்டும் மிஞ்சின. 1941இல் போர் காரணமாகக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. இடையில் 1939 செப்டம்பர் 29ஆம் தேதி நாடு முழுவதும் எடுத்த பதிவு ஒன்று இருக்கிறது. ஆனால் அது எடுக்கப்பட்டது போர் தொடங்கி நான்கு வாரம் ஆன பிறகு. அதற்குள் டேகன்ஹாமின் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமானோர் ஃபோர்டு தொழிற்சாலையின் படகுத் துறையிலிருந்து நீராவிக் கப்பல்களில் ஏற்றப்பட்டு நார்ஃபோக், சஃபோக் கரைகளுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். குழந்தைகளால் நிரம்பியிருந்த ஊரைக் குழந்தைகள் வெளியேறிய பிறகு எண்ணியிருக்கிறார்கள். 1931க்கும் 1951க்கும் நடுவில் இந்த ஊரின் வயது அமைப்பை நிதானமாகப் பார்க்க ஒரு நல்ல சன்னல்கூட இல்லை.

ஸ்டாக்டனிலிருந்து ஒரு எச்சரிக்கை

சரி, புது வீடு உயிரைக் காத்ததா இல்லையா? இந்தக் கேள்விக்கு அந்தக் காலத்திலேயே மிகக் கூர்மையான விடை டேகன்ஹாமிலிருந்து வரவில்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே சுகாதார அதிகாரியாக இருந்த மெகானிகிள், 1927இல் நடந்த ஓர் இடமாற்றத்தைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு குடிசைப் பகுதியை இடித்து, அங்கிருந்த 152 குடும்பங்களை, 710 பேரை, மவுன்ட் பிளசன்ட் என்ற புதுக் குடியிருப்புக்கு நகராட்சி மாற்றியது. பக்கத்தில் ரிவர்சைட் என்ற இன்னொரு குடிசைப் பகுதி அப்படியே விடப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது.

வயதைச் சரிசெய்த இறப்பு விகிதம், இடம் மாறியவர்களிடம் 1923 முதல் 1927 வரையான ஐந்தாண்டில் ஆயிரத்துக்கு 22.91. புது வீட்டில் அடுத்த ஐந்தாண்டில் 33.55. குடிசையிலேயே இருந்த ரிவர்சைடில் 26.10 இருந்தது 22.78ஆகக் குறைந்தது. நல்ல வீட்டுக்குப் போனவர்களிடம் சாவு கூடியிருக்கிறது.

மெகானிகிள் முதலில் வீட்டைச் சோதித்தார், வடிகாலைச் சோதித்தார், தொற்றுநோய்களைப் பார்த்தார். எதிலும் விடை இல்லை. கடைசியில் குடும்பங்களின் வரவுசெலவைக் கேட்டார். புது வீட்டின் வாடகை பழைய வாடகையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வேலையில்லாதோர் நிறைந்த ஊர் அது. வாடகை கூடியதும் கைக்குக் கிடைத்த உதவித்தொகையில் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது குறைந்தது. பால், இறைச்சி, முட்டை எல்லாம் குறைந்தன. சத்தில்லாத உடம்பு நோய்க்கு இரையானது என்பது அவர் முடிவு.

எழுநூறு பேர் என்பது சிறிய கூட்டம் என்பதையும் சொல்லவேண்டும். ஓராண்டில் ஐந்து இறப்பு கூடினாலே விகிதம் ஆயிரத்துக்கு ஏழு ஏறிவிடும். ஆகவே 33.55 என்ற எண்ணின் ஒவ்வொரு புள்ளியையும் சத்தியமாகப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை. ஆனால் இடம் மாறியவர்களிடம் ஏறியதும் மாறாதவர்களிடம் இறங்கியதும் ஒரே நேரத்தில் நடந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. வாடகையை மறந்துவிட்டு வீட்டை மட்டும் மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஒரு நகராட்சி அதிகாரி தன் சொந்த நகராட்சியின் செயலை வைத்தே நிறுவினார். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

பெகன்ட்ரீயில் அப்படி நடக்காததற்கு ஒரு காரணம், அங்கே வந்தவர்களில் பலர் சம்பளமுள்ளவர்களாகத் தாமே விண்ணப்பித்து வந்தவர்கள். ஸ்டாக்டனில் குடிசையோடு சேர்த்து எல்லாரும் பெயர்க்கப்பட்டார்கள். இன்னொரு காரணம் வேலை. முதல் பத்தாண்டில் பெகன்ட்ரீ ஆண்கள் தினமும் லண்டனுக்குத்தான் போய்வந்தார்கள். 1931 அக்டோபரில் ஃபோர்டு தொழிற்சாலை ஆற்றங்கரையில் திறந்தது. உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவில் திறந்ததாலும், மான்செஸ்டரிலிருந்த பழைய ஆலைத் தொழிலாளர்களைக் கம்பெனி சிறப்பு ரயில்களில் கூட்டிவந்ததாலும் உடனடியாக எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் 1930களின் நடுவில் வடகிழக்கு இங்கிலாந்து வாடியபோது லண்டன் சுற்றுவட்டாரத்தில் தொழில்கள் வளர்ந்தன. 1932இல் லண்டனின் டிஸ்ட்ரிக்ட் ரயில் பாதை டேகன்ஹாம் வழியாக அப்மின்ஸ்டர் வரை நீண்டபோது லண்டன் போய்வருவதும் எளிதானது.

பிரசவமும் மருந்தும்

சிசு மரணம் நாடு முழுவதும் குறைந்துவந்த காலம் அது. 1921இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 83 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், 1931இல் 66 பேர், 1939இல் ஏறக்குறைய 50 பேர். கோடைகால வயிற்றுப்போக்கு தணிந்ததும் குடும்பத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்ததும் தாய்சேய் நல மையங்கள் பெருகியதும் இதற்குக் காரணங்கள். தண்ணீர்க் குழாயும் தனிக் கழிப்பறையும் உள்ள வீடு இங்கே கண்டிப்பாக உதவியிருக்கும். ஈ மொய்க்காத சமையலறை, கொதிக்க வைத்துக் கழுவிய பால்புட்டி என்பவை ஒரு கைக்குழந்தைக்கு வாழ்வா சாவா என்ற விஷயங்கள்.

தாய்மார்களின் கதை வேறு. பேறுகால மரணம் 1920கள் முழுவதும் குறையவே இல்லை. ஆயிரம் பிரசவத்துக்கு நான்கு தாய்மார்கள் என்ற அளவில் நின்று, 1930களின் தொடக்கத்தில் கொஞ்சம் ஏறவும் செய்தது. அதிர்ச்சியான விஷயம், வசதியான பகுதிகளிலும் இது குறைவாக இல்லை. நல்ல வீடு, நல்ல சாப்பாடு, செலவு செய்து கூப்பிட்ட டாக்டர் எல்லாம் இருந்தும் பிரசவக் கிருமித்தொற்று தாய்மார்களைக் கொண்டுபோனது. 1936இல் லண்டனின் குயின் ஷார்லட் மருத்துவமனையில் கோல்புரூக் என்ற மருத்துவர், பிரான்டோசில் என்ற, கிருமிகளை அடக்கும் சல்ஃபா வகை மருந்தைப் பிரசவக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். இறப்பு சட்டென்று விழுந்தது. அதே ஆண்டு வந்த மருத்துவச்சிகள் சட்டம், சம்பளத்துக்கு வேலை செய்யும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளை உள்ளூர் நிர்வாகங்கள் அமர்த்த வேண்டும் என்றாக்கியது. பெரும்பாலான பிரசவங்கள் இன்னும் வீட்டில்தான் நடந்துகொண்டிருந்ததால் பெகன்ட்ரீ மாதிரியான இடத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

இந்த வரலாற்றில் டேகன்ஹாமுக்கே ஒரு நேரடிப் பங்கு உண்டு. மே அண்ட் பேக்கர் என்ற மருந்து நிறுவனம் 1934இல் தன் தொழிற்சாலையை இங்கே மாற்றியது. அதன் ஆய்வுக்கூடத்தில் சல்ஃபாபைரிடின் உருவானது. எம் அண்ட் பி 693 என்ற பெயரில் 1938இல் அது நிமோனியாவுக்கு எதிராக வந்தது. நிமோனியா அன்று எல்லா வயதினரையும் கொன்ற நோய். 1943 டிசம்பரில் வட ஆப்பிரிக்காவில் நிமோனியாவில் விழுந்த சர்ச்சிலுக்குக் கொடுக்கப்பட்டது இந்த மருந்துதான். பதினைந்து ஆண்டுக்கு முன்பு முட்டைக்கோஸ் விளைந்த ஊரிலிருந்து நாட்டின் இறப்பு விகிதத்தையே அசைத்த ஒரு மாத்திரை வந்தது என்பதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பிள்ளைகள் வளர்ந்தபோது

ஒரே வயதுக் குடும்பங்களை ஒரே பத்தாண்டில் ஓர் இடத்தில் குடியேற்றினால், அந்த வயது ஊரோடு சேர்ந்தே நகரும். 1920களில் தொடக்கப் பள்ளிகள் போதவில்லை. 1930களின் நடுவில் அதே பிள்ளைகள் பதினான்கு வயதில் பள்ளியை முடித்து வேலை தேடினார்கள். 1940களிலும் 1950களிலும் அவர்களுக்குக் கல்யாணம் ஆகி வீடு வேண்டியிருந்தது.

அங்கேதான் பிரச்சினை. வீடுகள் லண்டன் கவுன்ட்டி கவுன்சிலுடையவை. காலியாகும் வீட்டுக்கு லண்டனின் காத்திருப்போர் பட்டியலுக்கே முன்னுரிமை. டேகன்ஹாமில் வளர்ந்த, பெற்றோரும் வேலையும் டேகன்ஹாமில் உள்ள ஒரு இளம் தம்பதிக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம். உள்ளூர் நகராட்சி தன் பங்குக்கு வீடு கட்டியது, ஆனால் நிலம் கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. மகன்களும் மகள்களும் எசெக்ஸுக்குள் இன்னும் தள்ளி, ரோம்ஃபோர்ட் பக்கமும் பாசில்டன் மாதிரியான புதுநகரங்களுக்கும் போனார்கள். பெற்றோர் அதே வீட்டில் முதுமையடைந்தார்கள். பாப்லரின் பாட்டிக்கு 1920களில் நேர்ந்தது இப்போது டேகன்ஹாமின் பாட்டிக்கு நேர்ந்தது.

மக்கள்தொகை 1951இல் 1,14,568. 1961இல் சுமார் 1,08,000. அந்தப் பத்தாண்டில் பிறப்புகள் இறப்புகளை மிஞ்சியே இருந்தன. அப்படியிருந்தும் ஆறாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள் என்றால், வெளியேறியவர்கள் வந்தவர்களைவிட ஆறாயிரத்துக்கு மேல் அதிகம். இயற்கைப் பெருக்கம் எவ்வளவோ அவ்வளவையும் அந்த ஆறாயிரத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.